குடும்பத்தை விசாரித்தேன், ஆளை விசாரிக்கவில்லை

தம்பி,

போன திங்கட்கிழமையிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாய். நான் கூப்பிட்டால் காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறாய். வருகிற வியாழக்கிழமை உனக்கு விமானம். அதற்குள் நீ வாயைத் திறப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூட மதிலைத் தாண்டிக் குதித்து வெளியே வந்தவன் நான். அதற்குப் பிறகு லைசன்ஸ் பாரத்தைத் தவிர வேறெதையும் ஒழுங்காக எழுதியதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள். சிரித்தாலாவது முழுவதும் படிப்பாய்.

மலேசியாவுக்குப் போகாதே என்று எழுதப்போவதில்லை. அதைத் திங்கட்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்திப் பார்த்தாயிற்று. உனக்கு இருபத்திரண்டு வயது. பாஸ்போர்ட் உன் பெயரில் இருக்கிறது, விசா வந்துவிட்டது, லீவும் போட்டுவிட்டாய். பல்லேகலையில் உன் தொழிற்சாலைக்கு வந்து உன் மேனேஜரிடம் லீவு கொடுக்காதீர்கள் என்று கெஞ்சலாமா என்றுகூட யோசித்தேன். என் த்ரீவீல் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி, சந்தி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அந்த அளவுக்கு நீ சின்னப் பிள்ளை இல்லை. எனக்குத்தான் அது இன்னும் மனதில் பதியவில்லை.

அன்றைக்கு நடந்ததை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பிள்ளைய நீ ஒரு தடவையாவது பாத்திருக்கியாடா?"

"பதினாலு மாசமா பேசுறேன்பா."

"பேசுறது வேற. பாத்திருக்கியா?"

"வீடியோ கால்ல பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

உன் அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாள். "ஒரு நிமிசம்கூட இல்லையாம். இருட்டா இருந்துச்சாம். அவ போன்ல கேமரா சரியில்லையாம்."

அதை அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாய் போல. உன் முகம் சிவந்துவிட்டது. "அவ ஒண்ணும் வேத்து ஆள் இல்லப்பா. நம்ம ஆளுதான். புசல்லாவை. தோட்டத்துப் பேரு, டிவிசன், அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் சொல்லியிருக்கா. சும்மா சும்மா சந்தேகப்படாதீங்க. வேணும்னா போய் விசாரிச்சுட்டு வாங்க!" என்று கதவை அடித்துச் சாத்தினாய்.

கதவு சாத்தியது எனக்கு வலிக்கவில்லை. நானும் என் அப்பாவின் முன்னால் நிறையக் கதவுகளைச் சாத்தியவன்தான். "நம்ம ஆளுதான்" என்றாயே, அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. அந்தச் சொல்லை இதற்கு முன் இந்த வீட்டில் ஒருவன் சொல்லியிருக்கிறான். அதனால் ஒருத்தியின் வாழ்க்கை போயிற்று. சொன்னவன் நான். போனது உன் அத்தையின் வாழ்க்கை.

அத்தையின் புருஷன் கட்டாரில் விபத்தில் செத்துப்போனார் என்றுதான் உனக்குத் தெரியும். உனக்கு மட்டுமில்லை, இந்தத் தெருவுக்கே அப்படித்தான் தெரியும். அந்த ஆள் சாகவில்லை. எனக்குத் தெரிந்து இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், "எழுது. இருக்கிற மனுசனுக்குத் தாலியறுத்தவளா இத்தனை வருசம் இருந்து எனக்கும் சலிச்சுப்போச்சு" என்றாள். பிறகு, "நீ செஞ்சதையும் சேத்து எழுது. என்னோடத மட்டும் எழுதாத" என்றாள். எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. வேலை இல்லை, படிப்பு இல்லை. காலையில் எழுந்து பாலத்தடியில் போய் உட்காருவது, பின்னேரம் மைதானத்தில் சொஃப்ட்போல் கிரிக்கெட் விளையாடுவது, இதுதான் பிழைப்பு. என் அக்காவுக்கு, அதாவது உன் அத்தைக்கு, கம்பளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் ஒரு பெரிய கடையில் சூப்பர்வைசர். போட்டோவில் கோட்டுப் போட்டிருந்தான். அப்பா கடையை விட்டுவிட்டுப் போக முடியாது. "சும்மா ஊர் சுத்துறதுக்கு இதயாவது செய். போய் நாலு இடத்துல விசாரிச்சுட்டு வா" என்று என்னை அனுப்பினார். நம் ஆட்கள் விசாரிக்கிற முறை உனக்குத் தெரியாது. முதலில் சலூன், பிறகு பலசரக்குக் கடை, அப்புறம் கோயில். சலூன்காரனுக்குத் தெரியாத ரகசியம் ஊரில் இருக்காது என்பார்கள்.

கம்பளைச் சலூனுக்குப் போனேன். நான் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்த மனிதர் என்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். எந்தத் தோட்டம், தாத்தா பேர் என்ன, பாட்டி எந்த ஊர், பெரியம்மாவைக் கட்டியது யார். பத்து நிமிடத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அட, அப்ப நீ எனக்கு மச்சான் முறையாகுதப்பா!" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்டீயும் வடையும் வந்தன. "அவங்க குடும்பம் தங்கமான குடும்பம். கோயில் திருவிழாவுல முத மரியாத அவங்களுக்குத்தான். நம்ம ஆளுதான் மச்சான், கண்ண மூடிக்கிட்டுக் குடு" என்றார். முறை கண்டுபிடித்துவிட்டால் நம் ஆட்களுக்கு விசாரணை முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு கேள்வி கேட்டால் சொந்தக்காரனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கிளம்பும்போது அவரே ஒன்று சொன்னார். "அதோ மேல தெரியுது பாரு பச்சக் கதவு. அந்தப் பையனும் கட்டார்ல அதே கடைதான். லீவுல வந்து நிக்கிறான். ஆசைன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."

சாலையிலிருந்து அந்தக் கதவுக்கு நாற்பது படி இருக்கும். அன்றைக்குப் பின்னேரம் எங்களுக்குக் கிரிக்கெட் மெச். நான்தான் முதல் ஆட்டக்காரன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "நல்லா விசாரிச்சேன். நம்ம ஆளுதான்" என்றேன்.

குடும்பத்தை விசாரித்தேன், ஆளை விசாரிக்கவில்லை. குடும்பம் தங்கம்தான், அதில் பொய் இல்லை. அந்த ஆளுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவியும் கைப்பிள்ளையும் இருந்தது அவனுடைய அம்மாவுக்கே தெரியாது. தன் தாயின் வாயை அடைக்க அவன் கல்யாணம் செய்தான். எங்கள் அப்பாவின் வாயை அடைக்க, கல்யாணமாகி எட்டாம் மாதம் விசா அனுப்பினான். அக்கா போனாள். விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போனான். கதவைத் திறந்தது இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். அந்த வீட்டில் பதினொரு நாள் இருந்தாள் உன் அத்தை. அந்தப் பெண்தான் பாவப்பட்டுத் திரும்பி வர வழி செய்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபோது ஊர் என்ன சொல்லும் என்று அப்பா நடுங்கினார். அவன் செத்துப்போய்விட்டதாகச் சொல்லலாம் என்று யோசனை சொன்னது நான். அதிலும் நான்தான் முதல் ஆட்டக்காரன். பச்சைக் கதவைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமைதான் அத்தையிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்து முடித்தாள். பிறகு, "அன்னைக்கு எத்தனை ரன் அடிச்ச?" என்று கேட்டாள். "நாலு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

இதனால்தான் நான் உன்னைத் தொல்லை பண்ணுகிறேன். அவளிடம் கேட்பது அசிங்கம், நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடும் என்று நீ உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். போன வருடம் இந்த த்ரீவீலை வாங்கும்போது நீதானே குனிந்து, டோர்ச் அடித்து, செசி நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாய்? விற்றவர் கோபித்துக்கொண்டாரா? இல்லையே. உண்மையான ஆளுக்கு அதில் என்ன குறை? கோபித்துக்கொண்டிருந்தால்தான் நாம் வாங்காமல் வந்திருப்போம். ஒரு வண்டிக்குப் பார்த்ததை ஒரு மனுஷிக்குப் பார்க்கக் கூடாதா? உன்னிடம் அவளுடைய வேலை இடத்தின் பெயர் இருக்கிறதா, விலாசம் இருக்கிறதா, அவளோடு தங்கியிருக்கும் ஒரு ஆளின் நம்பராவது இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் போனதும் தெரியும்பா" என்றாய். போனதும் தெரிந்து என்ன செய்வது? உன் அத்தைக்கும் போனதும்தான் தெரிந்தது.

நீ போய் விசாரியுங்கள் என்றாய். நான் போனேன். போன புதன்கிழமை ஹயர் ஓட்டம் போகவில்லை, புசல்லாவைக்குப் போனேன். கண்டி குட்செட் பஸ் ஸ்டாண்டில் நுவரெலியா பஸ் ஏறினேன். பஸ் கம்பளை வழியாகத்தான் போகும் என்பது தெரிந்தாலும், அந்த இடம் வந்தபோது வேண்டுமென்றே மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்ன தோட்டத்துச் சந்தியில் இறங்கி ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரருக்கு என்னைவிட வயது கூட. "நீங்க எந்தப் பக்கம்?" என்று தொடங்கினார். தாத்தா கலஹா பக்கம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "கலஹாவா! அப்ப நீங்க எனக்குச் சித்தப்பா முறை. உக்காருங்க சித்தப்பா, டீ போடச் சொல்றேன்" என்றார், தலை முழுக்க நரைத்த மனிதர்.

"முறை இருக்கட்டும்ங்க. எனக்கு ஆளப் பத்தித் தெரியணும். தர்ஷினின்னு ஒரு பிள்ள, மலேசியாவுக்குப் போன பிள்ள."

அவர் முகம் மாறிவிட்டது. "தர்ஷினியா? அவங்க அம்மா மேல் லயத்துலதான் இருக்கு. நேரா அவங்ககிட்டயே கேளுங்க. எங்ககிட்ட வேணாம்" என்றார். டீயை மறந்துவிட்டார்.

வரிசையாக ஒட்டியிருந்த லயத்து வீடுகளைத் தாண்டி ஏறிப் போனேன். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்தார் அந்த அம்மா. தலையில் கட்டியிருந்த சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. என்னை யாரென்று கேட்கவில்லை. "தர்ஷினி" என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் நான் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டார். "எம் புள்ள எங்க இருக்கா அண்ணே? நல்லா இருக்காளா? சாப்பிடுறாளா?"

நான் கேட்கப் போனதையெல்லாம் அவர் என்னிடம் கேட்டார்.

தர்ஷினி என்று ஒருத்தி இருக்கிறாள், தம்பி. அந்த அளவுக்கு உன்னிடம் பொய் சொல்லவில்லை. பெயர், தோட்டம், டிவிசன், அப்பா பெயர் எல்லாம் சரி. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏஜென்சிக்காரன் மூலமாக மலேசியாவுக்குத் தையல் வேலைக்குப் போனவள். நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போன் எடுத்தாள். கடைசி இரண்டு வருடமாக ஒன்றுமில்லை. நம்பர் வேலை செய்யவில்லை. ஏஜென்சி இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. உன்னிடம் அவள், அம்மாவோடு சண்டை, அதனால் பேசுவதில்லை என்று சொன்னாளாமே? நீ அவளோடு பேசுவதையும் பார்க்கப் போவதையும் சொல்லி, அதையும் கேட்டேன். "சண்டையா? எங்களுக்குள்ள என்ன சண்டை?" என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒருக்கா கத்துனேன். கல்யாணம் முடிக்க வான்னு கத்துனேன். அதுக்கா அண்ணே?" என்றார். அந்தச் சண்டைக் கதை பொய்யா, நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

உன் அம்மாவின் போனைக் கொண்டுபோயிருந்தேன், அதற்கு நீ அனுப்பியிருந்த போட்டோவைக் காட்டினேன். போனைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "எம் புள்ளதான். எம் புள்ளயேதான்." அவர் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, தர்ஷினி கொஞ்சம் கறுப்புல்ல?"

"அங்க ஏசியில இருக்கா. வெளுத்திருப்பா."

"மூக்கு?"

"மூக்குக்கு என்னடி? போடி, உன் சோத்தப் பாரு. வந்துட்டா மூக்கு அளக்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு எந்தப் பெண்ணின் படத்தைக் காட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். நான் தேடிப் போன சாட்சி என்னைவிடப் பரிதாபமான நிலையில் இருந்தது. உன்னைப் போலவே அவருக்கும் அது அவளாக இருக்கவேண்டும்.

அப்படியென்றால் உன்னோடு பேசுவது யார்? அவளாகவே இருக்கலாம். வெட்கத்தில் வீட்டோடு பேசாமல் இருக்கலாம். அல்லது அவளுடைய போனும் பெயரும் வேறு யாரோ ஒருவன் கையில் இருக்கலாம். அல்லது அவள்தான் பேசுகிறாள், பக்கத்தில் ஒருவன் நின்று என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இளம் பிள்ளைகளை நட்பாகப் பேசி வரவழைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, எல்லை தாண்டிக் கொண்டுபோய் அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று த்ரீவீல் ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறோம். அவள் உன்னிடம் ஒரு சதம் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு அதைக் கேட்டதும் இன்னும் பயம்தான் வந்தது. அவர்களுக்கு வேண்டியது ஆளாக இருந்தால்?

அந்த அம்மாவிடம் கடைசியாகக் கேட்டேன். பேஸ்புக்கில் இல்லாதது, யாரும் பார்த்து எழுத முடியாதது, அவளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தது ஏதாவது இருக்கிறதா என்று. யோசித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். ஏழு வயதில் அவள் ஒரு நாள் லயத்துக் கூரைமேல் ஏறிவிட்டாளாம். எதற்காக ஏறினாள் என்பதைச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன்.

இதுதான் நான் உன்னிடம் கேட்பது. வியாழக்கிழமைக்குள், நீ பிளேன் ஏறுவதற்கு முன்னால், அவளை வீடியோவில் வரச்சொல். முகம் தெரியவேண்டும். கேமரா பழுதென்றால் வேறொருவரின் போனில் வரட்டும். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு போன் கிடைக்காதா? முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்: "ஏழு வயசுல லயத்துக் கூரைமேல எதுக்கு ஏறுன?" யோசிக்க நேரம் கொடுக்காதே. முன்கூட்டியே எழுதி அனுப்பாதே. பதில் என்ன என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. உனக்கு அவள்மேல் ஆசை இருக்கிறது, அதனால்தான். அவள் தடுமாறினால் நீ எடுத்துக்கொடுத்துவிடுவாய். உன் வயதில் நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பதில் சரியாக வந்தால் அவள் தர்ஷினி என்பது மட்டும்தான் தெரியும். நல்லவள் என்றோ, தனியாக இருக்கிறாள் என்றோ தெரியாது. அதனால் போனாலும் ஆட்கள் நடமாடும் இடத்தில், பகலில் சந்தி. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுக்காதே, அவள் கேட்டாலும். அவள் இல்லாமல் அவளுடைய "அண்ணன்" என்று யாராவது கூட்டிப்போக வந்தால் அந்த வண்டியில் ஏறாதே. ஏறினால் நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போவதற்கே டிராபிக்கில் முக்கால் மணி நேரம் ஆகிறது எனக்கு. தினமும் எனக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டு. பேசவேண்டாம், கோபமாகவே இரு, முகத்தை மட்டும் காட்டு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். நான் எழுந்தபோது அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி எப்ப போறாரு அண்ணே? நல்ல பிள்ளையா இருக்கணும், இல்லாட்டி இவ்வளவு தூரம் அப்பாவ அனுப்புவாரா? போய்ப் பாக்கச் சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தர் எம் புள்ளைய நேர்ல பாத்தாப் போதும்." நான் உன்னைத் தடுக்கத்தான் அங்கே போனேன் என்று அவருக்குத் தெரியாது. நீதான் அனுப்பினாய் என்று நினைத்துக்கொண்டார். எப்போது போகிறாய் என்பதற்கு, இன்னும் முடிவாகவில்லை என்று பொய் சொன்னேன். இந்த விஷயத்தில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. பொலிசில் சொல்லுங்கள், காணவில்லை என்று எழுதிக் கொடுங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன். "இப்பத்தான் கெடச்சிருக்காளே, எதுக்கு பொலிஸ்?" என்றார். என் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

கேள், தம்பி. அவள் சொல்வதை ஒரு சொல் விடாமல் அப்படியே எனக்கு அனுப்பு. சரியா தப்பா என்று நான் சொல்கிறேன். தப்பு என்றால் உனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. நாலு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், டிக்கெட்டைக் கிழித்துப் போடுவாய், பிறகு ஒரு நாள் சரியாகிவிடுவாய். நீ என் பிள்ளை, எனக்குத் தெரியும். ஆனால் தப்பு என்றால், அந்தப் பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பேசியது யார், அவள் எங்கே என்று அந்த அம்மா என்னிடம்தான் கேட்பார்.

காலையிலிருந்து மூன்று தடவை அழைத்துவிட்டார். இதை எழுதும்போதும் போன் அடிக்கிறது. நீ அந்த அறைக்குள் இருக்கிறாய், அவளிடம் அந்தக் கேள்வியை இன்னும் கேட்கவில்லை. நான் எதைச் சொல்வதற்கு இந்தப் போனை எடுப்பது?

அப்பா